ஒலிபெருக்கி வாங்குமுன் சுவருக்கு அப்பால் நின்று கேட்போம்



எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக இருந்து வந்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் சென்ற ஷஃபான் மாதத்தில் ஓய்ந்துபோயின. முதலில் காரியின் குரலில் ஒரு கரகரப்புத் தோன்றியது. பிறகு தாழ்ந்த ஓசை வரும்போதெல்லாம் ஏதோ கிழிவது போன்ற சத்தம் எழுந்தது. பழுது பார்ப்பவர் முன்பக்கத் துணியைக் கழற்றிக் காட்டியபோது காரணம் விளங்கிற்று. காகிதக் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் நுரைப்பட்டை, விரல் பட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. கடற்காற்று வீசும் புதுச்சேரியில் இது இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது என்றார் அவர்.

புதிய பெட்டிகள் வாங்குவது என்று முடிவாயிற்று. எத்தகையவை என்பதில்தான் வீட்டில் நான்கு கருத்துகள். ஆளுயரப் பெட்டிகள் இரண்டும் அவற்றுடன் ஒரு சப்வூஃபரும் வேண்டும் என்றான் மகன். கையில் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும் என்றாள் மகள். அலைபேசி இருக்கையில் இச்செலவே வீண் என்றார் மனைவி. எழுபத்தெட்டு வயதான என் தாயார் சொன்னது ஒரே வாக்கியம்: “சத்தம் கேக்குது வாப்பா, ஓதுறது தான் விளங்க மாட்டேங்குது.”

இது ஒரு கடைச்சரக்கைப் பற்றிய பேச்சாகவே முடிந்திருக்கும். அடுத்த வீட்டு அம்மையார் என் மனைவியிடம் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

எங்கள் வீடு புதுச்சேரியின் தென்பகுதியில், முல்லா வீதி, காஜியார் வீதி ஆகியவற்றையொட்டிய பழைய குடியிருப்பில் உள்ளது. இப்பகுதியின் வீடுகளை அறிந்தவர்க்குத் தெரியும். திண்ணை, நடை, முற்றம், கூடம் என்று நீண்டு செல்லும் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்பவை. பல வீடுகளுக்கு இடையே இருப்பது ஒற்றைச் சுவர். எங்கள் சுவருக்கு அப்பால் வசிப்பவர்கள் இந்துக் குடும்பத்தினர். இருபது ஆண்டுப் பழக்கம். பெருநாள் பிரியாணியும் பொங்கலும் அச்சுவரைத் தாண்டி வந்து போகும்.

பெட்டிகள் மௌனமாக இருந்த மூன்றாவது வாரத்தில் அந்த அம்மையார், “கொஞ்ச நாளா காலையில அந்தப் பாட்டுச் சத்தத்தையே காணோமே, வீட்ல எல்லாரும் சொகந்தானே?” என்று விசாரித்திருக்கிறார். அக்கறையோடு கேட்ட கேள்வி அது. பேச்சோடு பேச்சாக, இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்திருக்கும் தம் கணவர் இப்போதுதான் விடியற்காலையில் கொஞ்சம் கண்ணயர்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு செய்திகளையும் அவர் இணைத்துப் பேசவில்லை. இணைத்துப் பார்த்தது நான்.

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வந்ததும் யாஸீன் அத்தியாயத்தை ஒலிக்கவிடுவது என் பல ஆண்டுப் பழக்கம். வீட்டில் பரக்கத் இறங்கும் என்ற நிய்யத்துடன் செய்தது. என் தாயாருக்குக் கேட்க வேண்டும் என்று ஒலியைச் சற்றுக் கூட்டியே வைப்பேன். அந்த அம்மையார் அதனைப் ‘பாட்டு’ என்றார். அது வேத வசனம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. சுவரைக் கடந்து அவர் வீட்டிற்குச் சென்றது சொல்லன்று. ‘ஊம்’ என்ற முனகல் மட்டுமே. அந்த முனகல் ஒரு நோயாளியின் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அவர்கள் பண்பினால் பொறுத்துக்கொண்டார்கள். அண்டை வீட்டார் முறையிடவில்லை என்பதை அவர்களுக்குத் துன்பம் இல்லை என்பதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குரலைத் தேர்ந்தெடுப்பது நம் மரபு

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். ஒலியைப் பற்றி நம் மார்க்கம் பேசியிருப்பது கொஞ்சமன்று.

பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்கள். ஆயினும் அவ்வாசகங்களைப் பிலால் (ரலி) அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படியும், பிலாலே அழைப்பு விடுக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிலாலின் குரல் அதற்கு மேலும் பொருத்தமானது என்பதே காரணம். செய்தி உயர்ந்ததாக இருப்பது மட்டும் போதாது. அதைச் சுமந்து செல்லும் குரலும் தகுதியுடையதாக இருக்க வேண்டும் என்ற பாடம் அதில் உண்டு.

அதே நபி (ஸல்) அவர்கள் குரலுக்கு எல்லையும் வகுத்தார்கள். பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது தோழர்கள் உரத்து ஓதுவதைச் செவியுற்றுத் திரையை விலக்கி, நீங்கள் அனைவருமே உங்கள் இறைவனோடு உரையாடுகிறீர்கள், ஆகவே ஓதுவதில் ஒருவர் குரல் மற்றவருக்குத் தொல்லையாகிவிட வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தியதை அபூதாவூது பதிவு செய்கிறது. ஓதப்பட்டது திருக்குர்ஆன், ஓதியவர்கள் ஸஹாபாக்கள், இடம் பள்ளிவாசல். அங்கேயே இந்த ஒழுங்கு தேவைப்பட்டதென்றால், சுவருக்கு அப்பால் உறங்கும் நோயாளியின் உரிமையைப் பற்றி நாம் என்ன சொல்வது?

இரவில் அபூபக்ர் (ரலி) மெல்லிய குரலிலும் உமர் (ரலி) உரத்த குரலிலும் ஓதக் கண்ட நபி (ஸல்) அவர்கள், முன்னவரைச் சற்று உயர்த்தவும் பின்னவரைச் சற்றுத் தாழ்த்தவும் சொன்னார்கள். திருக்குர்ஆனின் 17:110 வசனமும் தொழுகையில் இவ்விரண்டுக்கும் நடுவான வழியையே காட்டுகிறது. ஒலிபெருக்கியின் ஒலிக்குமிழைத் திருகும் விரல்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டிற்கு ஒலிபெருக்கி வாங்குவது தவறன்று. ஆனால் அதனை அதன் ஓசை வலிமையைப் பார்த்து வாங்குவது தவறு. சொல் தெளிவைப் பார்த்து வாங்க வேண்டும். தெளிவான பெட்டி குறைந்த ஒலியிலேயே விளங்கும். தெளிவற்ற பெட்டிதான் மேலும் மேலும் கூட்டச் சொல்லும். நல்ல ஒலிபெருக்கி நம் செவிக்கு மட்டுமன்றி அண்டை வீட்டார்க்கும் செய்யும் நன்மை என்று சொல்வது இதனால்தான்.

வாட் கணக்கும் உண்மைக் கணக்கும்

கடைக்குச் சென்றால் முதலில் கண்ணில் படுவது பெட்டியின் மேல் அச்சிட்ட எண். ஐயாயிரம் வாட், பத்தாயிரம் வாட் என்று பி.எம்.பி.ஓ. அளவில் போட்டிருப்பார்கள். அது ஏதோ ஒரு நொடித்துளிக்கு எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சத்தைக் காகிதத்தில் பெருக்கிக் காட்டும் எண். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். எனப்படும் தொடர் ஆற்றல். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஓர் அத்தியாயமே, அல்-முதஃப்பிஃபீன், இறங்கியிருக்கிறது. நிறுப்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் எந்தப் படிக்கல்லால் நிறுக்கப்படுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அதனைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அப்பெட்டி எத்தனை டெசிபல் ஒலி தரும் என்பதே அது. வீட்டில் வைக்கும் சிறு பெட்டிகள் பலவற்றிற்கு அது 85 முதல் 90 டெசிபல் வரை இருக்கும். இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஒலி சுமார் 60 டெசிபல்தான். அப்படியானால் ஒரே ஒரு வாட்டிலேயே நம் கூடம் பேச்சொலியைவிடப் பன்மடங்கு நிரம்பிவிடுகிறது. அமைதியாக அமர்ந்து கிராஅத் கேட்கையில் உண்மையில் செலவாவது ஒரு வாட்டிற்கும் குறைவு. நூற்றுக்கணக்கான வாட்டுக்குப் பணம் கொடுப்பவர் பயன்படுத்தவே கூடாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துடைய 7:31 வசனம் உணவோடு நின்றுவிடுவதில்லை.

ஆம்ப்ளிஃபையர் தனியாக வைத்திருப்போர் பெட்டியின் ஓம் அளவையும் பார்க்க வேண்டும். எட்டு ஓம் பெட்டி பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தும். நான்கு ஓம் பெட்டி அதிக மின்னோட்டத்தை இழுக்கும். சிறு ஆம்ப்ளிஃபையர் சூடாகும்.

மூன்று குல்களால் ஒரு தேர்வு

கடைக்காரர் பெட்டியின் திறத்தைக் காட்ட அதிரும் திரைப்பாடல் ஒன்றை ஒலிக்கவிடுவார். அந்த அதிர்வில் எந்தப் பெட்டியும் கம்பீரமாகத்தான் தோன்றும். நான் அவரிடம் அனுமதி பெற்று, என் அலைபேசியில் கொண்டு சென்ற கிராஅத் பதிவை ஒலிக்கவிட்டேன். எதை ஓதவிட்டால் குறை வெளிப்படும் என்பது தஜ்வீத் கற்பிப்பவனுக்குத் தெரியாமல் போகுமா? குர்ஆனின் கடைசி மூன்று அத்தியாயங்கள் போதும்.

முதலில் அந்-நாஸ். இதன் ஆறு வசனங்களும் ஸீன் எழுத்தில் முடிகின்றன. ஐந்தாம் வசனத்திலோ ஸீனும் வருகிறது, ஸாதும் வருகிறது. மெல்லிய ஸீனின் சீறல் ஓசை உயர் அதிர்வெண்களில் அமைந்தது. அதனைத் தருவது ட்வீட்டர் என்னும் சிறிய ஒலிவாய். ட்வீட்டர் மோசமானால் ஸீன் ஊசி போலக் காதைக் குத்தும். ட்வீட்டரே இல்லாத மலிவுப் பெட்டியில் ஸீன் மழுங்கி, ஸாதுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும். நம் பிள்ளைகள் மக்ரஜ் கற்றுக்கொள்ள இப்பெட்டியையே கேட்கப்போகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அல்-இக்லாஸ். இதன் நான்கு வசனங்களும் தாலில் முடிகின்றன. அல்-ஃபலக்கின் ஐந்து வசனங்களோ காஃப், பா, தால் என்னும் எழுத்துகளில் முடிகின்றன. அனைத்தும் கல்கலா எழுத்துகள். நிறுத்தும்போது எழும் அந்தச் சிறு துள்ளல் தட்டியவுடன் எழுந்து உடனே அடங்க வேண்டும். பெட்டியின் மரம் மெலிதாக இருந்தாலோ, கனத்த ஓசை செயற்கையாகக் கூட்டப்பட்டிருந்தாலோ, அத்துள்ளல் பானைக்குள் விழுந்த கல் போல இழுத்துக்கொண்டு ஒலிக்கும். மகன் விரும்பிய பெட்டியில் அவ்வாறுதான் ஒலித்தது. காரி ஒரு பீப்பாய்க்குள் அமர்ந்து ஓதுவது போலிருக்கிறது என்று அவனே சொன்னான். நான் வாதாட வேண்டியதாக இல்லை.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒரு முன்னெச்சரிக்கை தேவை. எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று மனிதக் காது ஏமாறும். இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைத்துக் கேட்க வேண்டும். பிறகு இரண்டையும் மிகத் தாழ்த்திக் கேட்க வேண்டும். தாழ்ந்த ஒலியிலும் எந்தப் பெட்டியில் எழுத்துகள் பிரிந்து கேட்கின்றனவோ அதுவே நம் வீட்டிற்கு ஏற்றது.

நாம் கேட்பவற்றின் இயல்பையும் எண்ண வேண்டும். எகிப்தின் ஷைக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்கள் முழு குர்ஆனையும் தர்தீலாக ஓதிய பதிவு 1961ஆம் ஆண்டில் இசைத்தட்டுகளாக வெளிவரத் தொடங்கியது. முழு வேதத்தையும் ஓதிப் பதிவு செய்த முதல் முயற்சி அதுவே. ஒரு மனிதர், ஒரு குரல், ஒற்றைத்தடப் பதிவு. ஷைக் அப்துல் பாஸித் அவர்களின் பழைய பதிவுகளும் அத்தகையவை. நம் தமிழ் வீடுகளில் தலைமுறைகளாக ஒலிக்கும் நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல்களை எடுத்துக்கொண்டாலும், முன்னே நிற்பது அந்த ஓங்கிய குரலே. இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தாம் பின்பற்றும் ஆலிமிடம் தெளிந்துகொள்ளட்டும். நான் சொல்வது, கிராஅத், பயான், பாடல் எதுவாயினும் நம் வீடுகளில் கேட்கப்படுவது பெரும்பாலும் மனிதக் குரல் என்பதே. குரலுக்குச் சப்வூஃபர் தேவையில்லை. ஆண்குரலின் அடித்தள ஓசையே ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. ஐந்து அங்குல ஊஃபரும் நல்லதொரு ட்வீட்டரும் உள்ள சிறு பெட்டி அதற்குத் தாராளம்.

சுவர் எதைத் தடுக்கும், எதை விடும்

அந்த அம்மையார் ஏன் சொல்லைக் கேட்காமல் முனகலை மட்டும் கேட்டார் என்பதற்கு அறிவியல் விளக்கம் எளிது. உயர்ந்த ஓசையின் அலை குறுகியது. கனத்த சுவர் அதனைத் தடுத்துவிடும். தாழ்ந்த ஓசையின் அலை நீண்டது. 50 ஹெர்ட்ஸ் ஓசையின் ஓர் அலை ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம். எங்கள் கூடத்தைவிடப் பெரிது. அத்தகைய ஓசை சுவரையே மெல்ல அசைத்து அப்பால் செல்லும். வசனத்தின் பொருளைச் சுமக்கும் மெய்யெழுத்துகள் உயர்ந்த ஓசைகள். அவை நம் அறையிலேயே தங்கிவிடுகின்றன. சுவரைத் தாண்டுவது எச்சம் மட்டுமே. ஆகவே ‘அண்டை வீட்டார் காதிலும் நல்ல வார்த்தை விழட்டுமே’ என்று சிலர் சொல்லும் நியாயம் நிற்காது. நல்ல வார்த்தை அவர்களைச் சென்றடைவதில்லை. தொல்லைதான் சென்றடைகிறது. அத்தொல்லையின் பெயராக நம் வேதம் அவர்கள் மனத்தில் பதிந்துவிடக் கூடாது.

எனவே பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது எதை வாங்குகிறோம் என்பதற்கு நிகரானது. பொதுச்சுவரில் சாய்த்தோ அதில் அடித்த பலகையின் மேலோ வைக்கலாகாது. அறையின் மூலையில் திணித்தால் தாழ்ந்த ஓசை தானே பெருகும். மூலையை விட்டும் சுவரை விட்டும் சற்று முன்னே வைக்க வேண்டும். அடியில் ரப்பர் துண்டுகள் இட்டால் தரை வழியே செல்லும் அதிர்வு குறையும். ட்வீட்டர், அமர்ந்திருப்பவரின் செவி உயரத்தில் இருக்க வேண்டும். இரு பெட்டிகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரத்தில் கேட்பவர் அமர்ந்தால் ஒற்றைத்தடக் குரல் இரண்டுக்கும் நடுவிலிருந்து வருவது போலத் தோன்றும். மொசைக் தரையும் வெற்றுச் சுவர்களும் உள்ள கூடத்தில் எதிரொலி எழுத்துகளைக் கலக்கும். ஒரு ஜமுக்காளமும் கனத்த திரையும் நூல் அலமாரியும் செய்யும் நன்மையை எந்த விலையுயர்ந்த பெட்டியும் செய்யாது.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்று பெட்டியின் பின்னுள்ள கம்பி முனைகளைப் பச்சைப் பிடிக்கச் செய்யும். ஆண்டுக்கொருமுறை துடைத்துத் திருகி வைக்க வேண்டும். கூம்பின் ஓரப்பட்டை நுரையாலானதா ரப்பராலானதா என்று கேட்டு, ரப்பரையே வாங்குங்கள். மகாத்மா காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் பழைய பெட்டிகள் கிடைத்தால் இகழ வேண்டாம். கூம்பை இரு கை விரல்களால் சமமாக மெல்ல அழுத்திப் பார்த்து, உள்ளே உரசும் ஓசை இல்லையென்றால் அது பிழைத்திருக்கிறது என்று பொருள். நுரைப்பட்டை மட்டும் போனால் மாற்றிவிடலாம். பெட்டியையே எறிய வேண்டியதில்லை. எங்கள் பழைய பெட்டிகளுக்கும் இப்போது புதிய பட்டை ஒட்டப்பட்டு, அவை ஓர் உறவினர் வீட்டில் ஒலிக்கின்றன.

என் தாயாரின் வாக்கியம்

“சத்தம் கேக்குது, விளங்க மாட்டேங்குது” என்று என் தாயார் சொன்னதை நான் பல ஆண்டுகள் தவறாகப் புரிந்துகொண்டேன். விளங்கவில்லை என்றவுடன் ஒலியைக் கூட்டினேன். முதுமையில் செவித்திறன் குறைவது பெரும்பாலும் உயர்ந்த ஓசைகளில்தான் தொடங்குகிறது. உயிரெழுத்துகள் கேட்கும், ஸீனும் தாவும் ஃபாவும் நழுவும். ஒலியைக் கூட்டும்போது ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த ஓசைகள்தாம் இன்னும் உரக்கக் கேட்கின்றன. தாயாருக்கும் விளங்கவில்லை, அண்டை வீட்டாருக்கும் உறக்கமில்லை என்ற இரட்டை இழப்பை என் கையாலேயே உண்டாக்கியிருக்கிறேன்.

வழி மிக எளியது. ஒலியைக் கூட்டாமல் ஒலிபெருக்கியை அருகே கொண்டு செல்வது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் உயரும். நான்கு மடங்கு மின்னாற்றல் கொடுத்தால் கிடைக்கும் உயர்வுக்கு அது ஈடு. அறைக்குள் இது சற்றுக் குறையலாம். எனினும் பயன் தெளிவாகத் தெரியும். தாயாரின் கட்டிலருகே ஒரு கை தூரத்தில் சிறு ஸ்பீக்கர் ஒன்றை வைத்து, கனத்த ஓசையைக் குறைத்து, மெல்லிய ஓசையைச் சற்றுக் கூட்டினோம். முதல் நாள் ஃபஜ்ருக்குப் பின் யாஸீன் ஒலித்தபோது அடுத்த அறையில் இருந்த எனக்கே அது மெல்லியதாகத்தான் கேட்டது. தாயார் காரியோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தார். செவி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதையும் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம்.

சட்டமும் அதற்கு மேற்பட்டதும்

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவியால் எழும் ஓசை, அவ்விடத்தின் எல்லையில் இவ்வளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 18 ஜூலை 2005 அன்று அளித்த தீர்ப்பில் இரவு நேர ஒலிக்கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. நம் ஊரில் ஃபஜ்ருத் தொழுகை முடியும் நேரம் ஆண்டின் பல மாதங்களில் காலை 6 மணிக்கு முன்பே வந்துவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு முஸ்லிமுக்குச் சட்டம் தரை மட்டுமே. அதற்கு மேல் எழுப்ப வேண்டியது அக்லாக். அண்டை வீட்டாரைச் சொத்துக்கு வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அவர்களைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த அறிவுரையில் அண்டை வீட்டாரின் மதம் குறிக்கப்படவில்லை.

குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்கும்படி 7:204 வசனம் கட்டளையிடுகிறது. அடுப்படியில் மிக்ஸி ஓட, கூடத்தில் பிள்ளைகள் சண்டையிட, யாருமே கேட்காத பெட்டியொன்று தனக்குத்தானே ஓதிக்கொண்டிருப்பது கண்ணியமா? இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லி, பிறர் ஓதக் கேட்பது தமக்கு விருப்பம் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனம் வந்தபோது அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. வேதம் இறங்கப்பெற்றவரே அமர்ந்து கேட்டார்கள். பெட்டியை இயக்கினால் நாமும் அமர்வோம். அமர நேரமில்லையெனில் அதனை நிறுத்திவைப்போம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். புதிய பெட்டிகளைப் பொருத்தியவுடன் நான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். விவரத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அவர்கள் கூடத்தில் சுவரருகே நிற்க அனுமதி கேட்டேன். எங்கள் வீட்டில் மகன் வழக்கமான அளவில் ஒலிக்கவிட்டான். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லியதொரு முனகல் வந்தது. அலைபேசியில் மகனிடம் குறைக்கச் சொன்னேன். மறைந்தது. அந்த இடத்தில் ஒலிக்குமிழின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொன்னேன். அக்கோட்டைத் தாண்டுவதில்லை என்பது இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு. கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், “இதுக்குப் போய் இவ்ளோ தூரம் வரணுமா பாய்?” என்றார். தேநீர் தந்துதான் அனுப்பினார்கள்.

இரவில் வீட்டிற்கு வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவர் எழுந்துவிடாதபடியும் நபி (ஸல்) அவர்கள் ஸலாம் உரைப்பார்கள் என்று மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. எங்கள் சிவப்புக் கோட்டிற்கு அந்த ஸுன்னத்தே அளவுகோல். உங்கள் வீட்டிலும் அப்படியொரு கோடு வேண்டும். அதனை எங்கே போடுவது என்பது நம் பக்கத்திலிருந்து தெரியாது. சுவருக்கு அப்பால் சென்று நின்று கேட்டால்தான் தெரியும்.

நம் இல்லங்களில் ஒலிப்பவை நமக்கு நேர்வழியாகவும் அண்டை வீட்டார்க்கு அமைதியாகவும் அமைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.